பௌதிகப் பட்டதாரியும் வைத்தியசாலையும்

பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று வெளியேறும் மாணாக்கர் முன் நிற்கும் வழிகள் பல. ஆசிரியத் தொழில் ஒன்று, ஆராய்ச்சி மற்றொன்று, கணினித் தொழில் பிறிதொன்று. இவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க வேறொரு வழியும் உண்டு. அது வைத்தியப் பௌதிகம், உயிர்ப் பௌதிகம் என்னும் துறைகளில் மேற்படிப்புப் படித்தலாம். இதனை, தூய பௌதிகத்தில் இடம் பெறாதார் ஒதுங்கும் இடமென்று தாழ்த்திப் பேசுவாரும், யந்திரத்தைப் பாதுகாக்கும் உத்தியோகமென்று எளிதாக எண்ணுவாரும் நம்மிடையே உளர். இவ்விரு கருத்தும் பொருந்தாவென்பதும், வைத்தியசாலையை விட்டு விலகி நடைபெறுமாயின் இக்கல்வி தன் பயனை இழக்குமென்பதும் நமது துணிபு.

வைத்தியப் பௌதிகர் செய்வது யாது? புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை அளிக்குமிடத்து, இன்ன நோயாளிக்கு இவ்வளவு கதிர் வேண்டுமென்று விதிப்பவர் வைத்தியர். அவ்வளவும் நோயுள்ள இடத்திற் சென்று சேரவும், அண்டையிலுள்ள நல்ல உறுப்புக்கள் கூடியவரை தப்பவும் கணக்கிடுபவர் பௌதிகர். யந்திரத்தினின்று வெளிப்படும் கதிரை அளந்து சோதிப்பவரும் அவரே. கண்ணுக்குப் புலப்படாததும் மெய்யால் உணரப்படாததுமாகிய ஒன்றை அவர் அளக்கின்றார். அவ்வளவிற் பிழை நேருமாயின், நோயாளியும் அறியார். வைத்தியரும் உடனே அறியார்.

உயிரணுக்களும் புரதங்களும் பௌதிக விதிகட்கு இணங்க எங்ஙனம் அமைந்து இயங்குகின்றன என ஆராய்வது உயிர்ப் பௌதிகம். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பதற்குக் காரணம் உண்டு. கதிரை ஒரே நாளில் முழுதும் செலுத்தாது பல நாட்களாகப் பகுத்துச் செலுத்துவது ஏன்? இடைப்பட்ட காலத்தில் தம்மைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் நல்ல அணுக்களுக்கு நோயுற்ற அணுக்களைவிடப் பெரும்பாலும் மிகுதியாக உண்டு. இதனை அறியாதவன் கதிரை அளக்கலாம். அவ்வளவின் பொருளை அறியான்.

வைத்தியசாலை, முன்னரே முடிந்துபோன பௌதிகத்தைக் கொண்டுசென்று உபயோகிக்கும் இடம் மட்டுமன்று. புதிய வினாக்கள் பிறக்கும் இடமும் அதுவே. இதற்குச் சான்று தென்னாப்பிரிக்காவில் உளது. 1956ஆம் ஆண்டில் கேப்டவுன் பல்கலைக்கழகத்துப் பௌதிக விரிவுரையாளராயிருந்தவர் ஆலன் கார்மக். அந்நகரத்துக் குரூட் ஷூர் ஆஸ்பத்திரியின் பௌதிகர் பதவியை விட்டு விலகவே, கதிரியக்கப் பொருள்களின் உபயோகத்தை மேற்பார்வையிடுமாறு கார்மக் வாரத்தில் ஒன்றரை நாள் அங்குச் செல்ல நேர்ந்தது. சிகிச்சைக்குத் திட்டம் வகுப்போர், மனித உடல் முழுவதையும் ஒரே தன்மையான பொருளாகக் கொண்டு கணக்கிடுவதை அவர் கண்டார். எலும்பும் தசையும் நுரையீரலும் கதிரை வெவ்வேறளவில் உட்கொள்வனவாயிற்றே, அவ்வேறுபாட்டை வெளியிலிருந்தே அளந்தறிதல் கூடாதா என்னும் வினா அவருள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடையாக 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகளை அந்நாளிற் பொருட்படுத்தினோர் மிகச் சிலரே. இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் எஞ்சினீயர் தாமே முயன்று அமைத்த யந்திரம், 1971 அக்டோபரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகப் படம்பிடித்துக் காட்டியது. இக்காலத்தில் சி.டி. ஸ்கேன் எனப்படுவது இதுவே. 1979இல் வைத்தியத்திற்குரிய நோபெல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பெற்றது. இருவருள் ஒருவரேனும் வைத்தியரல்லர் என்பது கருதத்தக்கது.

இப்பெருமையில் நம் நாட்டாருக்கும் பங்குண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பகுதியின் தலைமையை ஏற்ற ஜி. என். ராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் நிறைந்துள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோல் அமைந்துள்ளதெனக் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் விளக்கினார். புரதங்களின் அமைப்பை ஆராய்வோர் இன்றும் கைக்கொள்ளும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வெளிவந்தது. எக்ஸ்-கதிர்ப் படங்களினின்று உடலின் உள்ளமைப்பைக் கணக்கிட்டுக் காணும் சுருக்கமான முறையொன்றை, லட்சுமிநாராயணனோடு கூடி 1971இல் வெளியிட்டவரும் அவரே. அதன் ஒரு பகுதி அவ்விருவர் பெயராலும் இன்றும் வழங்குகின்றது. புரதத்தை ஆராய்ந்த அறிவே நோயாளியின் படத்திற்கும் உதவிற்றென்றால், உயிர்ப் பௌதிகத்தையும் வைத்தியப் பௌதிகத்தையும் வேறுவேறாகப் பிரித்துக் கற்பித்தல் தகுமோ?

நிற்க. இக்கல்வியிற் குறை நேருமாயின் விளையும் தீங்கையும் எண்ணுதல் வேண்டும். அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில், 1974 முதல் 1976 வரை கோபால்ட்-60 யந்திரத்தாற் சிகிச்சை நடைபெற்றது. கோபால்ட்டின் வலிமை மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்களவு குறையும். 5¼ ஆண்டில் ஏறக்குறையப் பாதியாகும். இவ்விதியை நமது பி.எஸ்ஸி. வகுப்பு மாணாக்கரும் அறிவர். ஆயினும் அங்கு வரையப்பட்ட கோடு, வலிமை மெய்யாகக் குறைவதினும் விரைந்து குறைவதாகக் காட்டிற்று. அதனை நம்பிச் சிகிச்சை நேரத்தை நீட்டினர். கதிரை நேரே அளந்து பார்த்திருப்பின் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும். 22 மாதம் எவரும் அளக்கவில்லை. 426 நோயாளிகள் மிகையான கதிருக்கு ஆளாயினர். விதி தெரியாமையால் வந்த கேடன்று இது. காகிதத்தை நம்பிக் கருவியை எடாமையால் வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்னும் பழமொழிக்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆதலின் அன்றோ நம் நாட்டில், கதிர் சிகிச்சைப் பௌதிகராக விரும்புவோர் மேற்படிப்பை முடித்தபின் ஓராண்டு ஆஸ்பத்திரியிற் பயிற்சி பெறுதல் வேண்டுமென்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்துள்ளது. அமெரிக்காவில், அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டுப் பயிற்சியை முடித்தவரையே தகுதிப் பரீட்சைக்கு ஏற்பதென்னும் விதி 2014இல் ஏற்பட்டது. இவ்விதிகள் நல்லனவே. எனினும் இரண்டு குறைகளை எடுத்துரைத்தல் நம் கடமை.

முதலாவது, பயிற்சி படிப்பின் இறுதியில் ஒட்டவைத்த வால்போல் இருத்தலாகாது. முதற் பருவந்தொட்டே மாணாக்கர் வாரத்தில் ஒரு நாளேனும் சிகிச்சைக் கூடத்தில் நிற்றல் வேண்டும். நெருக்கடி மிகுந்த ஆஸ்பத்திரியில் இது இடையூறாகுமெனச் சிலர் கூறுவர். வைத்திய மாணாக்கர் நோயாளியின் கட்டிலருகே நின்றன்றோ கற்கின்றனர்? அவர்க்குப் பொருந்துவது இவர்க்கும் பொருந்தும். ஆஸ்பத்திரியில் மிகுந்து பழகினால் ஆராய்ச்சி மனம் மழுங்குமென்பாருக்குக் கார்மக்கின் வரலாறே விடையாகும்.

இரண்டாவது, பயிற்சிக் காலத்திற்கு உணவிற்கும் உறையுளுக்கும் போதிய உதவிச் சம்பளம் அளித்தல் வேண்டும். அஃதின்றேல், ஓராண்டு வருமானமின்றி இருக்கும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளே இத்துறையில் நிலைப்பர். கிராமத்தினின்று வந்து கடன் வாங்கிப் படித்த மாணாக்கன், பட்டம் கைக்கு வந்தும் தகுதி கைக்கு வாராது திகைத்து நிற்பான். அவனுக்கு மட்டுமன்று, பௌதிகரின்றித் தவிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது நஷ்டமே.

இனி, நம் கலாசாலை செய்யத்தக்கது யாது? வைத்தியப் பௌதிக வகுப்பை நாளையே ஏற்படுத்துதல் இயலாது. அதற்கு யந்திரமும் ஆஸ்பத்திரியும் வேண்டும். ஆனால் அக்கல்விக்கு வேண்டிய குணத்தை இங்கேயே வளர்த்தல் கூடும். நமது ஆய்வுக்கூடங்களில், கருவியைத் தொடாமலே சென்ற வருஷத்துப் பதிவேட்டைப் பார்த்து அளவுகளை எழுதிவிடும் வழக்கம் மாணாக்கரிடை இல்லையென எவரும் சொல்லார். அதனை விளையாட்டென்று ஆசிரியரும் சிலபோது பொறுத்துக்கொள்கின்றனர். ஊசற்குண்டின் காலத்தைப் பொய்யாக எழுதுவதனால் எவர்க்கும் உடனே தீங்கில்லை என்பது மெய்யே. ஆனால் பழக்கம் மனிதனோடு செல்லும். இன்று அளவாததை அளந்ததாக எழுதும் கை, நாளை ஒரு தாயின் உடலிற் பாயும் கதிருக்குக் கையெழுத்திடும் கையாகலாம். அளந்ததை அளந்தவாறே எழுதுதலும், பிழைபட்ட அளவை மறையாது மீண்டும் அளத்தலும் இங்குக் கைவந்த மாணாக்கன் எவனோ, அவனே வைத்தியசாலையின் வாயிலை மிதிக்கத் தகுந்தவன்.