காயலான் கடை விலை 25 பவுண்டு

நான் பி.காம். தேய்மானம் போட்டே எதையும் பூஜ்யமாக்கி விடுவோம். ஆனால் இங்கிலாந்தின் பி7350 என்கிற ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்திடம் என் கணக்கு பலிக்கவில்லை சார்.

1940-ல் ஜெர்மன்காரன் சுட்ட ஓட்டைகளுக்குப் போட்ட ஒட்டு, இன்னும் அதன் இடது இறக்கையில் இருக்கிறது. 1948-ல் பழைய இரும்புக்காரர்களிடம் 25 பவுண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்களோ உடைக்காமல் விமானப் படைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்! 1968-ல் ஒரு சினிமாவுக்காக மறுபடி பறந்தது. 27 லிட்டர், 12 சிலிண்டர் மெர்லின் இன்ஜின். சும்மா வைத்தாலும் கெடும், ஓட்டினாலும் தேயும்.

2024 மே மாதம் அதே கானிங்ஸ்பி பிரிவின் இன்னொரு ஸ்பிட்ஃபயர் விழுந்து பைலட் இறந்துபோனார். ‘பேசாம மியூசியத்துல வைங்கய்யா’ என்றுதான் எனக்கும் தோன்றியது. பறப்பதை நிறுத்தினார்கள். 2025-ல் மறுபடி கிளம்பிவிட்டார்கள். ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஜெட் ஓட்டும் வேலைக்கு மேல், இதற்குத் தாங்களாகவே பெயர் கொடுத்தவர்கள்.