கொல்லை மண்ணும் பூஜை அறையும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை தொடுத்தார். அந்நந்தவனத்துத் துளசியருகே கிடைத்த குழந்தையே ஆண்டாள். ஆகவே மண் அளைந்த கை இறைவனுக்கு அயலானதன்று. ஆயினும் அம்மண் பூஜை அறைவரை வரலாகாது.

பழைய வீடுகளில் கொல்லைக் கதவருகே தண்ணீர்த் தொட்டி இருந்தது. கால் கழுவாமல் எவரும் படியேறியதில்லை. இன்றைய அடுக்குமாடி வீட்டில் பால்கனி வாசலில் ஒரு வாளித் தண்ணீரும், ஒரு கோணிச் சாக்கும், செடி வேலைக்கென்றே ஒரு ஜோடி செருப்பும் போதும். ஈரக் காலுடன் வழவழப்பான தரையில் நடப்பது முதியோருக்கு ஆபத்து. நாற்காலியில் அமர்ந்து காலைத் துடைத்துக்கொண்ட பின்னரே உள்ளே வருதல் நலம்.

களை பறித்தலும் எருவிடுதலும் நீராடுவதற்கு முன்பு. மலர் பறித்தல் நீராடிய பின்பு. பூக்கூடையை வெளியிலேயே மெல்ல உதறினால் எறும்பு அங்கேயே நின்றுவிடும். பவழமல்லியோ உதிர்ந்த பின்னும் பூஜைக்கு ஏற்கப்படும் மலர். முதல் நாள் இரவே மரத்தடியில் தூய வெள்ளைத் துணி விரித்து வைத்தால், விடியலில் மண் படாத பூக்களை அப்படியே அள்ளிக்கொள்ளலாம். குனிந்து குனிந்து பொறுக்கும் சிரமமும் இல்லை.

தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரில் இடப்பட்ட கொசு முட்டை, ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகிவிடும். வாரம் ஒரு முறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். துளசித் தொட்டியும் இதற்கு விலக்கன்று.

நிர்மால்யத்தைக் குப்பையில் எறிய மனமின்றி மூலையில் சேர்த்து வைப்போர் பலர். நூலை நீக்கிவிட்டு, கால்படாத செடியின் அடியில் இட்டு மண்ணால் மூடினால் அது நாளடைவில் எருவாகிவிடும்.