பார்ட்டி மொத்தமும் செத்தால்...

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறவர்களிடையே 'டி.பி.கே.' என்று ஒரு சொல் உண்டு. 'டோட்டல் பார்ட்டி கில்' என்பதன் சுருக்கம். அதாவது, ஒரே சண்டையில் எல்லாருடைய கேரக்டரும் காலி! நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு குழுவில் மனஸ்தாபத்தைக் கிளப்ப இந்த ஒன்று போதும்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். 1974-ல் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகை ஆட்டங்களுக்குப் பிள்ளையார் சுழி. நாலைந்து பேர் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகத்தையும் எதிரிகளையும் அவர் நடத்துவார். வாள் பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். இரண்டு மணி நேரத்தில் ஒருவர் ஜெயித்து எழுந்து போகிற ஆட்டம் இல்லை இது. ஒரே கதை மாதக்கணக்கில், சில குழுக்களில் வருடக்கணக்கில் ஓடும். அதனால்தான் இந்தச் சாவு வலிக்கிறது.

ஒரு கேரக்டர் மட்டும் செத்தால் சமாளித்துவிடலாம். தற்போதைய விதிகளில் செத்தவரை எழுப்ப மந்திரமே இருக்கிறது. 500 தங்கக்காசு மதிப்புள்ள வைரம் ஒன்று வேண்டும், செத்துப் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் செத்துவிட்டால் மந்திரம் சொல்ல யார் மிச்சம்?

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் டிராகன் வந்து ஒரே மூச்சில் பொசுக்குவதால் அல்ல. நாலு பேரில் ஒருவர் விழுகிறார். அடிக்க மூன்று பேர்தான். அதில் ஒருவர் விழுந்தவரைத் தூக்கப் போனால் அடிப்பது இரண்டே பேர். எதிரியின் அடியோ கொஞ்சமும் குறையவில்லை. கீழே கிடப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்துக்குக் கீழே மூன்று முறை விழுந்தால் கதை முடிந்தது. ஓடிவிடலாம் என்றால் நண்பனை விட்டுவிட்டு ஓட யாருக்கும் மனசு வராது. மனசு வரும்போது ஓட ஆள் இருக்காது. வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் மாதிரி, முதல் தவணை தவறும்போதே மீதி எழுதப்பட்டுவிடுகிறது.

சரி, இப்படி ஆகும்போது டி.எம். என்ன செய்கிறார்? வழக்கமாக மூன்றில் ஒன்று.

முதலாவது, திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்வது. இருபது விழுந்தாலும் 'ஏழு, தப்பிச்சீங்க' என்பது. இதற்குப் பெரிய இடத்து ஆதரவே உண்டு. 1979-ல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்' புத்தகத்தில் பகடையை மீற டி.எம்.முக்கு உரிமை இருக்கிறது என்று கைகேக்ஸே எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் பாருங்கள், நல்ல எண்ணத்தில் ஜோடித்தாலும் ஜோடித்த கணக்கு ஜோடித்த கணக்குதான். ஒரு நாள் ஆடுகிறவர்களுக்குத் தெரியவரும். அதற்குப் பிறகு அன்றைய சண்டை மட்டும் பொய்யாவதில்லை. போன வருடம் உயிரைக் கொடுத்து ஜெயித்த சண்டையும் சேர்ந்து சந்தேகத்துக்குள் வந்துவிடும். 'அன்னைக்கு நாம ஜெயிச்சோமா, ஜெயிக்க வச்சாங்களா?' இதற்குப் பதிலே கிடையாது.

இரண்டாவது, 'எல்லாம் கனவு' என்று எழுப்பிவிடுவது. நம்மூர் சீரியல்காரர்களே கைவிட வேண்டிய உத்தி. :-)

மூன்றாவது, எல்லாத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் புதிதாக ஆரம்பிப்பது. நேர்மையானதுதான். ஆனால் குழுக்கள் கலைவதற்கு இது நல்ல சந்தர்ப்பம். பத்து மாதம் வளர்த்த கதை அரைகுறையாக நிற்கும்போது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர யாருக்கு உற்சாகம் இருக்கும்?

இந்த மூன்றுமே உருட்டிய பிறகு யோசிக்கிற வழிகள். உண்மையான விடை உருட்டுவதற்கு முன்னால் இருக்கிறது. தோற்றால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது.

நல்ல ஆட்டங்கள் பல இதை வெளிப்படையாகவே செய்கின்றன. கைகேக்ஸ் எழுதிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' 1975-ல் ஆரிஜின்ஸ் என்ற விளையாட்டு விழாவில் போட்டியாக நடத்தப்பட்டு, 1978-ல் புத்தகமாக வந்தது. ஆளை விழுங்குகிற கல்லறை என்று பெயர் வாங்கியது. போட்டியில் ஆடியவர்கள் கையில் இருந்தது அங்கே கொடுக்கப்பட்ட கேரக்டர்; செத்தாலும் நெஞ்சு பதறாது. 1981-ல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு'வில் பைத்தியம் பிடிப்பதும் சாவதும் சகஜம் என்று தெரிந்தேதான் உட்காருகிறார்கள். 1984-ன் 'பாரனோயா' இன்னும் மேலே போய், ஆளுக்கு ஆறு குளோன் கொடுத்துவிட்டது. அங்கே சாவுதான் காமெடி. இவற்றில் யாரும் 'என் கேரக்டரை அநியாயமாகக் கொன்னுட்டாங்க' என்று கோபித்துக்கொண்டு போவதில்லை. விலை என்ன என்பது வாசலிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொரு விஷயம், தோல்வி வேறு, சாவு வேறு. பரமபதத்தில் பாம்பு கடித்தால் காய் கீழே இறங்கும், பலகையை விட்டே போய்விடாது. 2014-ல் புதியவர்களுக்காக வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' கதையின் முதல் சண்டையே நாலு கோப்ளின்களின் வழிமறிப்பு. அதில் பார்ட்டி தோற்றால் கோப்ளின்கள் கொல்வதில்லை. மயங்கிக் கிடப்பவர்களை அப்படியே விட்டு, உடைமைகளையும் வண்டியையும் கொள்ளையடித்துவிட்டுப் போய்விடும் என்று புத்தகமே சொல்லிவிடுகிறது. '13த் ஏஜ்' (2013) ஆட்டத்தில் இன்னும் அழகான விதி. எல்லோரும் ஒப்புக்கொண்டால் விழுந்தவர்களையும் தூக்கிக்கொண்டு எந்தச் சண்டையிலிருந்தும் ஓடலாம். ஓட்டம் கட்டாயம் பலிக்கும். ஆனால் கதையில் பெரிய இழப்பு ஒன்றை ஏற்க வேண்டும். காப்பாற்ற வந்த ஊர் எரியலாம், தடுக்க வந்த சடங்கு முடிந்துவிடலாம். உயிர் மிச்சம், ஆனால் இலவசம் இல்லை. பகடையைத் திருத்துவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: இங்கே விலை எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லோரும் செத்தேவிட்டால்?

அந்த நிமிடமே எதையும் முடிவு செய்யக்கூடாது. புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம். பிறகு ஏன் நடந்தது என்று எல்லோருமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். டி.எம். எதிரியின் பலத்தைத் தவறாகக் கணக்குப் போட்டிருந்தால், ஆபத்தைப் பற்றி ஒரு குறிப்பும் தராமல் இருந்திருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லிச் சண்டையைத் திரும்ப ஆடலாம். திருட்டுத்தனமாக மாற்றுவதுதான் தப்பு, எல்லோருக்கும் முன்னால் திருத்துவது தப்பில்லை. எச்சரிக்கை இருந்தும் தெரிந்தே போய் விழுந்திருந்தால் அந்தச் சாவு நிற்க வேண்டும். பகடையின் கைவரிசை என்றாலும் அப்படியே.

சாவு நின்றால் கதையும் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? அதே உலகம், ஐந்து வருடம் கழித்து. வில்லன் ஜெயித்துவிட்டான். செத்தவனின் தங்கை ஒருத்தி, அவர்களுக்குக் கடன் கொடுத்த சத்திரக்காரர், ஓடிப்போன வேலைக்காரன் என்று புதிய பார்ட்டி கிளம்பலாம். பழைய வாள் வில்லனின் சுவரில் தொங்கலாம். கம்பெனி நொடித்துப்போனாலும் அதன் கடனும் கணக்கும் அன்றோடு மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் பொறுப்பெடுத்துத் தீர்க்கிறார்கள். புதிய பார்ட்டி அந்த யாரோ.

'ஆசை ஆசையாக வளர்த்த கேரக்டர் போய்விட்டதே, அவனுக்கு என்ன பதில்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் முதல் நாளே கேட்கச் சொல்வது. சாவே வேண்டாம் என்று ஒரு குழு முடிவு செய்தால் அதுவும் சரிதான். தோல்விக்கு வேறு விலை வைத்துக்கொள்ளட்டும். சாவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே இல்லாமல் வைத்திருப்பதுதான் ஏமாற்று.

அடுத்த தடவை டி.எம். நாற்காலியில் உட்காருகிறவர் பகடையைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: 'எல்லாரும் செத்துட்டா என்ன பண்ணலாம்?' பத்து நிமிடப் பேச்சுதான். பத்து மாதக் கதையைக் காப்பாற்றும்.