வலிக்காத பாதம்... சூடு சொல்லும் சேதி! சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு

செருப்பில் ஏறிய ஆணியோடு நாள் முழுக்க நடந்திருக்கிறார். இரவு கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. இப்படிச் சொல்பவர்களை எந்த ஊர் சர்க்கரை நோய் கிளினிக்கின் பெஞ்சிலும் பார்க்கலாம். பல வருட சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போவதால் வரும் வினை இது. ஆணியாவது ரத்தம் காட்டியது. தினமும் ஒரே இடத்தில் விழும் அழுத்தம் அதைக்கூடக் காட்டாது. தோல் மேலே நன்றாக இருக்க, உள்ளே சதை நைந்துகொண்டிருக்கும். வலி தெரிந்த கால் என்றால் நொண்டியாவது அந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கும். மரத்த கால் அதே இடத்தில்தான் மறுபடி மறுபடி மிதிக்கும்.

ஆனால், நைந்த இடம் சூடாகும். தோல் கிழிவதற்கு முன்பே சூடாகும். இதைக் கவனித்து அளந்தவர்களில் முக்கியமானவருக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயாளிகளின் கை, கால்களுக்கு சிகிச்சை தந்தவர். விரல்கள் சிதைவதற்குப் பெரும் காரணம், வலி தெரியாததால் படும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், உணர்ச்சியற்ற பாதங்களில் எங்கே சூடு ஏறுகிறது என்று வெப்பப்படம் எடுத்துப் பார்த்தார். அந்த யோசனைதான் பிறகு சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் வந்தது.

கணக்கு எளிது. இடது பாதத்தின் ஓர் இடத்தையும் வலது பாதத்தின் அதே இடத்தையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டு நாள் தொடர்ந்தால், நடையைக் குறைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் புண் வர வாய்ப்பு அதிகமுள்ள 225 பேரிடம் 18 மாதம் நடந்து, 2007-ல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 சதவிகிதம் பேருக்குப் புண் வந்தது. வீட்டில் வெப்பம் அளந்தவர்களில் 4.7 சதவிகிதம்தான்.

இப்போது அங்கே இதற்கென்றே மிதியடி மாதிரி ஒரு மேட் இருக்கிறது. தினமும் சுமார் 20 விநாடி ஏறி நின்றால் போதும். அளவுகள் தானாகக் கண்காணிப்புக் குழுவுக்குப் போய்விடும், சூடு தெரிந்தால் போன் வரும். 129 பேரிடம் நடந்த ஆய்வில், புண் வெளியே தெரிவதற்குச் சராசரியாக 37 நாள் முன்பே மேட் எச்சரித்தது. வீண் எச்சரிக்கைகளும் நிறையவே வந்தன. ஆனாலும், காலை எடுக்க வேண்டிய நிலையோடு ஒப்பிட்டால், நாலு வீண் போன் ஒன்றும் பெரிய தொந்தரவு இல்லை.

ஆனால், மேட் வாங்கினால் மட்டும் புண் வராமல் இருந்துவிடாது. நெதர்லாந்தில் 304 பேரிடம் நடத்திய தெர்மாமீட்டர் ஆய்வில், அளந்த இடங்களிலும் அதை ஒட்டியும் வரும் புண்கள் கணிசமாகக் குறையவில்லை. சூடு கண்டதும் நடையைக் குறைத்தவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. சிக்கலே இங்கேதான். வீட்டில் மகள் ``அப்பா, ரெண்டு நாளைக்கு வாக்கிங் வேண்டாம்பா'' என்றால், ``நடக்கலைன்னா சுகர் ஏறிடுமேம்மா'' என்பார் அப்பா. இத்தனை வருடமாக டாக்டர் சொன்னதும் அதுதானே! சூடு இறங்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகள் போதுமா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், இந்த வாக்குவாதமே வராது.

கொரோனா காலத்தில் வாங்கிய தெர்மாமீட்டர் `கன்' பீரோவில் கிடக்கிறதா? அதை `பாடி மோடில்' வைத்துப் பாதத்தை அளக்காதீர்கள். நெற்றிக்கென்று கணக்குப் போட்டு அளவை மாற்றிக் காட்டும். `சர்ஃபேஸ் மோடு' இருந்தால்தான் உதவும். அதையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

காலையில் நடமாடத் தொடங்கும் முன்பு அளப்பது நல்லது. பெருவிரல், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் மூன்று இடங்கள், நடுப்பாதம், குதிகால் என இரண்டு பாதத்திலும் அதே ஆறு இடங்கள். நோட்டில் எழுதி வையுங்கள். பார்வை மங்கிய பெரியவர் என்றால் வீட்டில் யாராவது அளந்து கொடுக்கலாம். சர்க்கரை இருக்கும் எல்லோருக்கும் இது தேவையில்லை. பாதம் மரத்துப்போனவர்கள், அதிலும் ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்கள் அவசியம் டாக்டரிடம் கேளுங்கள். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தவறலாம்.

ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டாலே சுடுகிறது என்றால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் `சார்க்கோ' பாதமாகவோ, கிருமித்தொற்றாகவோ இருக்கலாம். வலி இல்லையே என்று நடந்து போகாமல், ஆட்டோ பிடித்து அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.