குழந்தை திறக்கும் கதவு

"எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறானே!" என்று ஏங்கும் தாய் உங்களுக்குத் தெரிந்த வீட்டிலும் இருக்கலாம், சகோதரி! அவளுக்காக ஓர் அமெரிக்கப் பிள்ளையின் கதையைச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த தாரிக் எல்-அபூருக்கு மூன்று வயதில் ஆட்டிஸம் என்று தெரிந்தது. அது நோயல்ல, தாய் வளர்த்த குறையும் அல்ல. மூளை வளரும் விதமே வேறு, அவ்வளவுதான். ஆறு வயது வரை அவன் பேசவில்லை. பத்து வயதில் பேஸ்பால் ஆடப் புறப்பட்டான். முடியாததை எண்ணி மாய்ந்து போகாமல், அவன் ஆசைக்குத் துணையாகத் தாய் நின்றாள். 2018-ம் ஆண்டு கான்ஸாஸ் சிட்டி ராயல்ஸ் குழு அந்த இளைஞரை ஒப்பந்தம் செய்து, தன் இளைய அணியில் ஆட வைத்தது.

எல்லாக் குழந்தைகளும் இப்படி ஆட்டக்காரர்கள் ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

பேஸ்பாலில் ஓர் ஒழுங்கு உண்டு. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அடிப்பவர் அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணியின் முறை. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். அத்தனையையும் பார்ப்பவர்களே குறித்துக்கொள்ளக் கட்டம் போட்ட தாள் உண்டு. ஸ்ட்ரைக்கில் அவுட் ஆனவருக்கு 'கே' என்ற ஆங்கில எழுத்து. மூன்றாவது ஸ்ட்ரைக்கில் மட்டையை வீசாமலே நின்றுவிட்டாரா? அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும்!

அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால், ஆட்டிஸம் உள்ள பல குழந்தைகளுக்கு மனம் அமைதிப்படும். சிலருக்கு எண்களும் பட்டியலும் கற்கண்டு. தாயும் பிள்ளையும் அந்தத் தாளின் முன் உட்கார்ந்துவிட்டால், "என் முகத்தைப் பார்" என்று அதட்ட வேண்டாம். இருவர் கண்ணும் தாளில்தான். "இப்போது என்ன எழுத்து?" என்று அவள் கேட்க, அவன் விரலால் காட்டுகிறான். அதுவும் பேச்சுத்தானே? கூட்டத்தின் இரைச்சல் தாங்காத குழந்தைகளுக்கென்று அங்கே பல மைதானங்களில் அமைதியான தனி அறைகூட உண்டு.

நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆசை ரயில் அட்டவணையாக இருக்கலாம். சுழலும் மின்விசிறியாக இருக்கலாம். "இதென்ன பைத்தியம்?" என்று பிடுங்கி வைக்காதீர்கள். அவன் திறந்து வைத்திருக்கும் கதவு அதுதான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் கொடேன், கண்ணா" என்று கேட்டுப் பாருங்கள்.