கல் கிடந்த இடம்

ரமணாசிரமத்துக்கு அப்பால் செங்கம் சாலையோரத்து வேப்பமரத்தடியில் மாலை வேளைகளில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கமுடைய எனக்கு, கிரிவலம் முடித்துத் திரும்பும் யாத்ரீகர்களுள் சிலர் அடிவாரத்திலிருந்து ஒரு சிறு கல்லைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போவது புதிய காட்சியன்று. மலையே ஈசன் என்று நம்பும் ஊரில் மலையின் துண்டு பிரசாதமாவதில் ஆச்சரியம் என்ன? அந்தப் பக்தியைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும், கிடந்த இடத்திலிருந்து ஒரு கல்லைப் பெயர்ப்பது என்னும் அந்த அற்பக் காரியம், பூஜையறையில் புண்ணியமாக இருப்பது, மானுட சரித்திரத்தின் விஷயத்தில் ஈடுசெய்ய முடியாத நஷ்டமாகிவிடுவதும் உண்டு என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

1863ஆம் வருஷம் மே மாதம் 30ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் இருபத்தெட்டு வயது ஆங்கிலேயர், பல்லாவரத்து ராணுவ மைதானத்திலே செம்புரைச் சரளை வெட்டிய ஒரு குழியில், இருபுறமும் செதுக்கப்பட்ட கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி, சக ஊழியரான வில்லியம் கிங்குடன், கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் குவிந்து கிடக்கக் கண்டார். பிரான்சு தேசத்துச் சோம் நதிப் படுகையில் கிடைத்த கற்கோடரிகள் மனிதன் செய்தவையே என்று இங்கிலாந்தின் பண்டிதர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கு வருஷங்கள்தாம் ஆகியிருந்தன. ஃபுட்டின் பெருமை கல்லைக் கண்டதில் மட்டும் இல்லை. அது எந்தச் சரளைப் படுகையில் கிடந்தது என்று குறித்து வைத்ததில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் குறிப்பின் அருமை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு விளங்கிற்று. 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் அத்திரம்பாக்கத்தில் அடுக்கடுக்காக அகழ்ந்து, ஒவ்வொரு கருவியும் கிடந்த ஆழத்தையும் மண்ணின் தன்மையையும் பதிந்து வந்தார்கள். வானவெளியிலிருந்து ஓயாமல் பொழியும் கதிர்கள், தரைமேல் கிடக்கும் படிகக் கல்லுக்குள் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் இரண்டு அணுவகைகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்தவுடன் அந்த உற்பத்தி ஓய்ந்து, அலுமினியம் பெரிலியத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் தேயத் தொடங்குகிறது. மிஞ்சியிருக்கும் விகிதத்தைக் கணக்கிட்டால், அந்தக் கல் இருளுக்குள் போய் எத்தனை காலமாயிற்று என்பது தெரிந்துவிடும். இதற்குத் துணையாக, பூமியின் காந்தம் வடக்கு தெற்காகத் திசைமாறியிருந்த பழங்காலத்தின் தடயம் அந்தக் களிமண் அடுக்குகளிலேயே பதிந்திருக்கக் கண்டார்கள். கடைசியாக அத்திசை மாறியது ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. இவ்விரண்டு சாட்சியங்களையும் வைத்து அக்கருவிகளின் வயது குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டு என்றும், சராசரி 15 லட்சம் ஆண்டு என்றும் 2011இல் உலகுக்கு அறிவித்தார்கள். அவற்றுக்கு மேலடுக்குகளில், கருவி செய்யும் முறையே மாறி, பெருங்கோடரிகள் அருகிச் சிறு சில்லுகள் பெருகிய காலம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதென்பது 2018இல் வெளியாயிற்று.

வாசகர் கவனிக்க வேண்டியது இதுதான்: கல் எத்தனை ஆழத்தில் எந்த அடுக்கில் மூடிக் கிடந்தது என்பதும், மண் எந்தத் திசையைப் பார்த்துப் படிந்தது என்பதும் தெரிந்தாலன்றி மேற்சொன்ன கணக்குகளில் ஒன்றும் நடவாது. அடுக்கைக் கலைத்துவிட்டால், பதினைந்து லட்சம் ஆண்டுக் கோடரியும் அழகான ஒரு கல்லாக மாத்திரம் எஞ்சும்.

நம் மேடைப் பிரசங்கிகள் இந்தக் கோடரியை உயர்த்திப் பிடித்து, கல்லுக்கும் மண்ணுக்கும் முன்னே பிறந்த இனம் நாமே என்று முழங்குவதைக் கேட்கையில் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. நம்மைப்போன்ற மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியே ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது; அத்திரம்பாக்கத்தில் முதற்கல்லைச் செதுக்கிய கை நமக்கு மூதாதையாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அதனால் அந்தக் கையின் மதிப்புக் குறைந்துவிடுமா? நம் கோயில் சிற்பிகள் போற்றும் கருங்கல் பருமணியாக இருப்பதால், தட்டினால் வேண்டியபடி கூரிய சில்லாகப் பிரியாது என்று கண்டு, நேர்த்தியாகச் சில்லு விடும் குவார்ட்சைட் கல்லைத் தேர்ந்து, வேறிடத்திலேயே பெருஞ்சில்லாகப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து திருத்திய அந்த விவேகத்துக்கு எந்த ஜாதிப்பெயர் வேண்டும்?

சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கோடரிகளை மலைவாசிகள் சிறு கோயில்களில் வைத்துச் சாமியாகக் கும்பிட்டதை ஃபுட் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் இடம் மாற்றினார்கள் என்றாலும் கல்லையாவது காப்பாற்றினார்கள். இன்று சரளை மேட்டில் மண்வெட்டும் இயந்திரம் இறங்கினால் இடமும் போகிறது, கல்லும் போகிறது. அதை ஓட்டுபவர்மேல் குற்றமில்லை. கூலிக்கு வந்தவர் அவர். ஆற்றுப் படுகையிலோ சரளை மேட்டிலோ மண் எடுக்க அனுமதி கொடுக்கும் அதிகாரி, கொடுப்பதற்கு முன் கற்கருவியை அடையாளம் காணத் தெரிந்த ஒருவரை அனுப்பி, அந்த மேட்டை ஒரு நாள் நடந்து பார்க்கச் சொல்லலாகாதா? கருவிகள் தென்பட்டால், மாதிரிக் குழி ஒன்று வெட்டி அடுக்குகளைப் பதிந்த பிறகே மற்றதை எடுக்கட்டும். வீடு கட்டவும் சாலை போடவும் மண் வேண்டும்தான். அதற்கு மனிதனின் ஆதிப் பள்ளிக்கூடத்தின் தரையையே தோண்ட வேண்டும் என்பதில்லை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஐந்தாறு லோடு கிராவல் கொட்டி நிரவினார்கள். அன்று முதல் காலையில் குனிந்து குனிந்து அதில் எதையோ தேடிக்கொண்டே நடக்கும் என்னைப் பார்த்து, பால்காரர், "என்ன சாமி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டாலும், அது எந்த மேட்டின் எந்த அடுக்கிலிருந்து வந்ததென்று அந்த லாரிக்காரருக்கும் தெரியப்போவதில்லை.