பெயரில்லாத பொத்தான்

"நல்ல ஐகானுக்கு வார்த்தை தேவையில்லை." மொபைல் செயலிகளுக்கு ஐகான் வரைவது என் பிழைப்பு. பதினான்கு வருடத்தில் இந்த வாக்கியம் காதில் விழாத வருடம் ஒன்றுகூட இல்லை. போன மாதம் ஒரு பயிலரங்கில் பேச வந்தவர் இதைத்தான் திரை நிறையப் போட்டார். ஐகானுக்குக் கீழே எழுத்து வைப்பது வடிவமைப்பாளரின் தோல்வி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

ஐகான் உலகப் பொதுமொழி என்றார். பகிர்வதற்கு ஐபோனில் பெட்டியிலிருந்து மேலே கிளம்பும் அம்பு, ஆண்ட்ராய்டில் கோடுகளால் இணைத்த மூன்று புள்ளிகள். ஒரே வீட்டில் இரண்டு போன், ஒரே வேலைக்கு இரண்டு படம்.

பழகினால் புரிந்துவிடும் என்றார். அதற்குப் பெயர் மனப்பாடம். 'சேமி'க்கு ஃபிளாப்பி படம் போட்டோமே, அந்த ஃபிளாப்பியை ஜப்பானில் விற்பதை சோனி 2011இல் நிறுத்திவிட்டது. அதைக் கையால் தொட்டிராத பிள்ளைகளுக்கு அது வெறும் நீலச் சதுரம்.

தமிழ் வார்த்தை நீளம், இடம் போதாது என்றார். தேடு, சேமி, பகிர், நீக்கு. எது நீளம்? ஆங்கிலப் பெயர்ச்சொல்லை அப்படியே பெயர்க்கப் போனால்தான் நீளும். ஏவல் வினையில் சொன்னால் பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். எழுத்தின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் வெட்டுப்படுகின்றன என்றால் வரி உயரத்தைக் கூட்ட வேண்டியதுதான்.

ஐகானைப் பார்த்ததும் பொருள் விளங்கும் என்பதற்கு என் அத்தை சொன்னதே பதில். பஸ் டிக்கெட் எடுக்க ஒரு செயலியைத் திறந்து வைத்திருந்தார். சாயங்காலம் கிளம்பும் பஸ்கள் மட்டும் வேண்டும்.

"மேல புனல் மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க அத்தை, அதைத் தொடுங்க."

"புனல் எதுக்குடா?"

"வேணும்கிற பஸ்ஸை மட்டும் வடிகட்டிக் காட்டும்."

"புனல் எங்கடா வடிகட்டுது? ஊத்துனதை எல்லாம்ல கீழ இறக்கிவிடும்!"

அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆய்வகத்தில் புனலுக்குள் வடிதாளை மடித்து வைத்தால்தான் வடிகட்டும். யாரோ அந்தத் தாளை விட்டுவிட்டு புனலை மட்டும் வரைந்தார்கள், நாங்கள் எல்லோரும் அதையே வரைந்துகொண்டிருக்கிறோம். அடுப்படியில் நாற்பது வருடமாக வடிகட்டியைப் பிடித்த கைக்கு அந்தப் படம் பொய். பக்கத்தில் 'வடிகட்டு' என்று எழுதியிருந்தால் அத்தைக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

கடைசியாக எடுத்ததுதான் அவருடைய துருப்புச் சீட்டு. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான இந்தியர்கள் 1951-52 தேர்தலிலிருந்து சின்னத்தைப் பார்த்துத்தானே ஓட்டுப் போடுகிறார்கள் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். தேர்தல் நேரத்தில் ஒரு நாளாவது இவர் நம் தெருவில் நடந்திருப்பாரா?

1989 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவலின் கொண்டையில் ஜெயலலிதா எங்கே இருக்கிறார்? புறாவின் சிறகில் ஜானகி எங்கே இருக்கிறார்? அந்தப் படங்கள் தாமாக ஒன்றையும் சொல்லவில்லை. வேட்பாளர் பெயரோடு சேர்த்துச் சுவரில் எழுதினார்கள், ஜீப்பில் மைக் கட்டிச் சொன்னார்கள், வாசலில் நின்று சொன்னார்கள்.

2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் என்ன நடந்தது? ஏப்ரலில் டி.டி.வி. தினகரன் தொப்பிச் சின்னத்தில் நின்றார், தேர்தலே ரத்தானது. டிசம்பரில் மறுபடி நின்றபோது தொப்பி கிடைக்கவில்லை, குக்கர் கிடைத்தது. 21ஆம் தேதி வாக்குப்பதிவு. கையில் இருந்தது இரண்டே வாரம். 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்ததற்கு வேறு காரணங்கள் ஆயிரம் இருக்கட்டும். தொப்பி போய்விட்டது, இனி குக்கர் என்பதை அந்தத் தொகுதிக்குச் சொன்னது குக்கரின் படமா, ஊர் வாயா? இன்றைய வாக்குப்பதிவு இயந்திரத்திலும் சின்னம் தனியாக நிற்பதில்லை. வேட்பாளர் பெயர் கூடவே இருக்கிறது, 2015 முதல் புகைப்படமும் இருக்கிறது. நம் தேர்தல் சின்னம்தான் இவருடைய வாதத்துக்கு முதல் எதிரி.

மெக்சிகோ நகர மெட்ரோவையும் காட்டினார். 1969இல் திறந்தது, வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் அப்போதைய ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் கொடுத்தார். அந்தச் சின்னத்தின் கீழேயே நிலையத்தின் பெயரும் எழுதியிருக்கிறது. பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் இந்திராணி மேதி குழுவினர் எழுத்தறியாதவர்களுக்காக எழுத்தே இல்லாத திரைகளைச் செய்து பார்த்தபோதுகூட, படத்தை மட்டும் நம்பவில்லை, குரலையும் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் வெறும் ரசனைச் சண்டையாக எண்ணி விட்டுவிடலாம், ஆனால் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். கண் தெரியாதவன், டாக்பேக் என்ற திரை வாசிப்பானை வைத்து போனை ஓட்டுகிறான். வார்த்தை தோல்வி என்று படித்து வந்தவர்கள் திரையில் எழுத்தை எடுப்பதோடு நிற்பதில்லை. திரை வாசிப்பானுக்காக ஐகானுக்குள் தர வேண்டிய பெயரையும் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஒரு மருந்துச் செயலியில் அவன் விரல் வைத்த ஒவ்வொரு ஐகானுக்கும் "அன்லேபிள்டு, பட்டன்" என்றே குரல் வந்தது. தட்டித் தட்டிப் பார்த்து, இடமிருந்து மூன்றாவது 'ஆர்டர்' என்று மனதில் வைத்துக்கொண்டான். எட்டு மாதம் அப்படித்தான் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கினான். ஒரு அப்டேட்டில் வரிசை மாறியது. வழக்கம்போல மூன்றாவதைத் தட்டினான். கூடையில் சேர்த்து வைத்திருந்த மருந்தெல்லாம் அழிந்துபோயிற்று. அழிந்தது என்பதையும் அந்தச் செயலி அவனுக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் மாத்திரைக்காகக் காத்திருந்தான்.